பீரங்கிக்குப் பழகிய யானையும் பட்டாசுக்கு நடுங்கும் நாயும்

மைசூரு தசராவுக்குச் சில வாரங்கள் முன்பே அரண்மனை வட்டாரத்தில் பீரங்கிகள் முழங்கத் தொடங்கிவிடும். நகர ஆயுதப்படைக் காவலர்கள் ஏழு பழைய பீரங்கிகளை வரிசையாக நிறுத்துவார்கள். குண்டு கிடையாது, வெறும் வெடிமருந்துதான். ஒருமுறை வெடித்ததும் ஒருவர் நீண்ட கழியைக் குழாய்க்குள் விட்டுத் துடைத்து, உள்ளே கனன்றுகொண்டிருக்கும் பொறியை அணைப்பார். அது சரியாக அணையாவிட்டால் அடுத்த மருந்துப் பொட்டலத்தைத் திணிப்பவரின் கை போய்விடும். விஜயதசமியன்று யானை ஊர்வலமான ஜம்பு சவாரி தொடங்கும் வேளையில் தேசிய கீதம் இசைக்கப்படும்போது 21 முழக்கங்கள் ஒலிக்க வேண்டும் என்பது மரபு. ஒத்திகை பீரங்கிக்காரர்களுக்கு மட்டும் நடப்பதில்லை. காட்டு முகாம்களிலிருந்து வந்த யானைகளும் காவல்துறையின் குதிரைகளும் அருகே கொண்டுவந்து நிறுத்தப்படுகின்றன. மூத்த யானைகள் காதை ஆட்டியபடி நிற்கும். முதன்முறை வந்தவற்றின் காலில் சங்கிலி பூட்டியிருக்கும். பாகனும் அவருக்குத் துணையான காவாடியும் பக்கத்திலேயே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். முதல் ஒத்திகையில் பிளிறிப் பின்வாங்கிய யானை மூன்றாவது ஒத்திகையில் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

பெருஞ்சத்தத்துக்கு அஞ்சும் விலங்கைப் பழக்கியெடுப்பதில் இந்த மண்ணுக்கு இருக்கும் அனுபவம் நெடியது. தசரா விழாவை ராஜ உடையார் 1610இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தொடங்கினார் என்பது மைசூரு மரபு. வெடிமருந்து போர்க்களத்துக்கு வந்த பிறகு, மிரளும் யானை எதிரியைவிடத் தன் படைக்கே ஆபத்து என்பதை இந்தியப் படைகள் எல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டன. அக்பர் காலத்து நூலான அயினி அக்பரி, ஒன்றோடொன்று மோதும் யானைகளைப் பிரிக்க வெடிமருந்து அடைத்த மூங்கிலைக் கொளுத்திச் சுழலவிட்டதைச் சொல்கிறது. வெடியை வைத்து விலங்கை விரட்டலாம், அதே வெடிக்கு விலங்கைப் பழக்கவும் செய்யலாம் என்ற இரண்டு அறிவும் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்திருக்கின்றன. தீபாவளிக்குக் கட்டிலுக்கடியில் நடுங்கிக் கிடக்கும் நாய்க்கு மருந்து தரலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்த இரண்டாவது அறிவைத்தான் பலரும் துணைக்கு அழைக்கிறார்கள். யானையே பழகும்போது நாய் பழகாதா, எதற்கு மாத்திரை என்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் அலட்சியமாக ஒதுக்க மாட்டேன். ஆனால் தசராவின் மரபையும் மருந்தின் வரலாற்றையும் கூர்ந்து பார்த்தால், பயத்தால் துடிக்கும் நாய்க்கு மருந்து மறுப்பதற்கு இரண்டிலும் ஆதாரம் இல்லை என்றே தெரிகிறது.

முதலில் தசரா. அங்கே வந்து நிற்கும் யானை ஏதோ ஒரு யானையல்ல. மத்திகோடு, துபாரே போன்ற முகாம்களைப் போலவே பந்திப்பூர் புலிகள் காப்பகத்தின் ராமாபுரம் முகாமும் தசராவுக்கு யானை அனுப்பும் இடம். வனத்துறை அதிகாரிகளும் கால்நடை மருத்துவர்களும் முகாம் முகாமாகச் சென்று வயது, உடல்நிலை, குணம், மனிதக் கூட்டத்தைத் தாங்கும் பக்குவம் எல்லாவற்றையும் பார்த்துப் பொறுக்கி எடுக்கிறார்கள். மதநீர் ஒழுகும் காலத்தில் உள்ள களிறு வராது. 2022இல் ராமாபுரம் முகாமிலிருந்து வந்த லட்சுமி என்ற பெண் யானை செப்டம்பரில் அரண்மனை வளாகத்திலேயே ஆண் கன்று ஈன்றது. கன்றுக்கு தத்தாத்ரேயா என்று பெயர் வைத்தார்கள். தாயையும் கன்றையும் ஊர்வலத்தில் சேர்க்காமல் முகாமுக்கே அனுப்பிவிட்டார்கள். அதுதான் முறை. பொருந்தாத விலங்குக்குத் திரும்பிப் போக ஒரு காடு இருக்கிறது. வேட்டைக்கும் படைக்கும் நாய் வளர்த்தவர்களும் இதையே செய்தார்கள்: துப்பாக்கிச் சத்தத்துக்கு மிரளும் குட்டியை ஆரம்பத்திலேயே கழித்துவிட்டு, மிரளாததை வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஆக, நாம் கண்டு வியக்கும் ‘பழக்கத்தின் வெற்றி’யில் பாதி, பழக்கம் தொடங்குவதற்கு முன்பே நடந்த தேர்வின் வெற்றி. வீட்டு நாயை யாரும் அப்படித் தேர்ந்தெடுப்பதில்லை. அது மிரளுகிறது என்று தெரியவரும்போது வீட்டில் ஒருவராகிவிட்டிருக்கும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஒத்திகையில் சத்தத்தின் நேரம், எண்ணிக்கை, திசை எல்லாம் மனிதன் கையில் இருக்கின்றன. முழக்கம் முடிந்ததும் வெல்லமும் கரும்பும் வருகின்றன, பாகனின் குரல் வருகிறது. சத்தத்துக்கும் கேடு வருவதற்கும் தொடர்பில்லை என்று யானை தெரிந்துகொள்ள அவகாசம் கிடைக்கிறது. பட்டாசு அப்படி வருவதில்லை. எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு பலமாக என்று நாய்க்குத் தெரியாது. மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் எட்டும். நாயின் காது ஏறக்குறைய 45,000 வரை கேட்கும். இப்படித் தாறுமாறாக வரும் சத்தத்துக்கு எல்லா நாயும் பழகிவிடுவதில்லை. பல நாய்களுக்கு ஆண்டுக்கு ஆண்டு பயம் கூடுகிறது. முதல் ஆண்டு காதை மடக்கிய நாய், மூன்றாம் ஆண்டு எச்சில் ஒழுக, மூச்சிரைக்க, குளியலறை மூலையில் தரையைப் பிராண்டிக்கொண்டிருக்கும். பிறகு பட்டாசு வேண்டியதில்லை, ஊதுவத்திப் புகையோடு கலந்த வெடிமருந்து வாசனையே போதும், இடி மின்னலுக்கு முன் வரும் காற்றே போதும். ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு 13,700க்கும் மேற்பட்ட வீட்டு நாய்களைப் பற்றியது. அதில் மிக அதிகமாகக் காணப்பட்ட பதற்றம் சத்தத்துக்கு அஞ்சுவதுதான், ஏறக்குறைய 32 விழுக்காடு. மூன்றில் ஒரு நாய்க்கு இருக்கும் துன்பத்தைக் கோழைத்தனம் என்றோ, செல்லம் கொடுத்துக் கெடுத்ததன் விளைவு என்றோ சொல்லித் தள்ளிவிட முடியாது.

நாயின் அச்சம் ஒரு நோயாக ஆய்வறைக்குள் வந்த கதை 1924 செப்டம்பர் 23 அன்று லெனின்கிராட் நகரை மூழ்கடித்த வெள்ளத்தோடு சேர்ந்தது. இவான் பாவ்லோவின் ஆய்வுக்கூடத்தில் இருந்த நாய்க் கூண்டுகளுக்குள் நீர் ஏறியது. பணியாளர்கள் வந்து சேர்ந்தபோது நாய்கள் கூண்டின் மேல்தட்டில் மூக்கை உயர்த்தி மிதந்துகொண்டிருந்தன. கதவு தாழ்வாக இருந்ததால் தலையை நீருக்குள் அழுத்தித்தான் வெளியே இழுக்க வேண்டியிருந்தது. எல்லாம் பிழைத்தன. ஆனால் மணியோசைக்கும் விளக்குக்கும் எச்சில் ஊறக் கற்றிருந்த சில நாய்கள் கற்றதையெல்லாம் இழந்திருந்தன. ஒரு நாய் மெல்ல மெல்லத் தேறிய பிறகு, சோதனையறைக் கதவின் கீழே சிறிது நீரைக் கசியவிட்டார்கள். உடனே மீண்டும் நிலைகுலைந்தது. பாவ்லோவும் அவருடன் பணியாற்றிய மரியா பெத்ரோவாவும் இப்படி நரம்பு தளர்ந்த நாய்களுக்கு புரோமைடு உப்பு கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் கண்டவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அளவைப் பற்றியது: திடமான குணமுள்ள நாய் தாங்கும் அளவு மென்மையான நாயைச் சீர்குலைத்துவிடும், அதற்கு மிகச் சிறிய அளவே மருந்தாகும். எல்லா நாய்க்கும் ஒரே மாத்திரை என்ற எண்ணம் தொடக்கத்திலேயே தோற்றுவிட்டது. தேறிய நாய் நீரைக் கண்டதும் மறுபடி சரிந்தது வேறொன்றையும் சொல்கிறது. காலமும் ஓய்வும் மட்டும் ஆழ்ந்த பயத்தை அழிப்பதில்லை.

அடுத்த அத்தியாயம் இந்தியக் காடுகளில் தொடங்குகிறது. சர்ப்பகந்தி என்ற சிறு செடி இமயமலை அடிவாரத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளிலும் வளர்வது. பாம்புக்கடிக்கும் தூக்கமின்மைக்கும் சித்தம் கலங்கியவர்களுக்கும் அதன் வேரைக் கொடுக்கும் வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் நெடுங்காலமாக இருந்தது. 1931இல் டெல்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கியும் ரஃபத் உசேன் சித்திக்கியும் வேரின் சத்துகளைப் பிரித்தெடுத்து, ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக ஒன்றுக்கு அஜ்மலின் என்று பெயரிட்டார்கள். அதே ஆண்டு கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் மன நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் இந்த வேர் பயன்படுவதை எழுதினார்கள். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் இதயநோய் இதழில் வெளியிட்ட கட்டுரைதான் மேலைநாடுகளைத் திரும்பிப் பார்க்கவைத்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் வேரிலிருந்து ரிசர்பைனைப் பிரித்தது. அதைக் கொடுத்ததும் விலங்குகள் சாந்தமாகின. சீறும் குரங்குகளைக் கையால் தொட முடிந்தது. 1954இல் நியூயார்க் மருத்துவர் நேதன் க்ளைன் மனநல மருத்துவமனையில் கண்டதை வெளியிட்டார். காட்டு வேர் உலகச் சந்தைக்கு வந்தது. தோண்டித் தோண்டியே செடி அரிதாகி, 1990இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏற வேண்டிய நிலை வந்தது.

அந்தச் சாந்தம் எத்தகையது என்பது சில ஆண்டுகள் கழித்தே விளங்கியது. ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன் 1957இல் முயல்களுக்கு ரிசர்பைன் கொடுத்தார். காதைத் தொங்கப் போட்டு, அசைவற்றுக் கிடந்தன. அவற்றுக்கு, மூளையில் டோபமைனாக மாறும் எல்-டோபா கொடுத்த சிறிது நேரத்தில் எழுந்து நடமாடின. ரிசர்பைன் மூளை நரம்புகளில் இருந்த டோபமைன் போன்ற சேமிப்புகளையே காலி செய்திருந்தது. முயல் அமைதியடையவில்லை, அசைய முடியாமல் இருந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் பிரான்சில் பிறந்த குளோர்ப்ரோமசின் என்ற மனநோய் மருந்தின் கதையும் இதற்குத் துணை. 1953இல் சிமோன் கூர்வொய்சியே வெளியிட்ட சோதனையில், மணி அடித்தால் மின்னதிர்ச்சி வரும், கயிற்றில் ஏறித் தப்பலாம் என்று எலிகள் கற்றிருந்தன. மருந்து கொடுத்த எலிக்கு ஏறும் வலு இருந்தது, மணி அடித்தும் ஏறவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர் ‘பயம் போய்விட்டது’ என்று குறித்துக்கொள்வார். தப்பிக்கும் முயற்சி நின்றது என்பதற்கு மேல் அந்தச் சோதனை எதையும் காட்டவில்லை.

நாய் மருத்துவம் இந்தப் பிழையைப் பல பத்தாண்டுகள் சுமந்தது. குளோர்ப்ரோமசினின் குடும்பத்தில் பிறந்த ஏஸ்ப்ரோமசின் உலகெங்கும் கால்நடை மருத்துவமனைகளின் அலமாரியில் இடம் பிடித்தது. மயக்கம் கொடுக்கும் முன்பும், வாந்தியைத் தடுக்கவும் இன்றும் பயனுள்ள மருந்து அது. பட்டாசுக்கு அஞ்சும் நாய்க்கும் அதையே கொடுத்தார்கள். நாய் படுத்தது. மூன்றாம் இமை பாதி மூட, கால் தள்ளாட, குரைக்காமல், பிராண்டாமல் கிடந்தது. வீட்டார் நிம்மதியானார்கள். ஆனால் இந்த மருந்து உடலை அடக்கும் அளவுக்குப் பதற்றத்தைக் குறைப்பதில்லை, சில நாய்கள் திடீர்ச் சத்தத்துக்கு முன்பைவிட அதிகம் துணுக்குறுகின்றன என்பதை நடத்தை மருத்துவர்கள் எடுத்துச் சொன்னார்கள். கேட்கிறது, அஞ்சுகிறது, ஓடி ஒளிய மட்டும் முடியவில்லை. அந்த இரவை நாய் எப்படிக் கழித்திருக்கும் என்று நினைக்கும்போது மனம் பதறுகிறது. தனியாகச் சத்தப் பயத்துக்கு அதைக் கொடுப்பதைப் பொறுப்புள்ள மருத்துவர்கள் இன்று தவிர்க்கிறார்கள். ‘மருந்து கொடுத்தால் நாய் மந்தமாகிவிடும்’ என்ற பரவலான எதிர்ப்பு இந்த அனுபவத்திலிருந்துதான் பிறந்தது. அந்தக் காலத்து மருந்துக்கு எதிராக அந்தக் குற்றச்சாட்டு முழுக்கச் சரி.

பின்னர் வந்தவற்றுக்கு அது பொருந்தாது. மனிதரின் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பயன்பட்ட குளோமிப்ரமின், தனித்திருக்க அஞ்சும் நாய்களுக்காக அமெரிக்காவில் 1998இல் அனுமதி பெற்றது, ஃப்ளூயாக்ஸெடின் 2007இல். இவை மூளை நரம்புகளுக்கிடையே செரட்டோனின் தங்கும் நேரத்தைக் கூட்டுபவை. அன்றாடம் கொடுத்து, பயன் தெரிய நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை பொறுத்திருக்க வேண்டும். தீபாவளியன்று காலையில் தொடங்கினால் ஒரு பலனும் இல்லை. மாறாக டெக்ஸ்மெடடோமிடின் கூழ், சத்தத்துக்கு அஞ்சும் நாய்க்கென்றே 2015இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. அதை விழுங்கவைக்கக் கூடாது. ஊசியில்லாத சிறு குழலால் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே தடவ வேண்டும், தடவுபவர் கையுறை போட்டிருக்க வேண்டும். பயம் எழும்போது மூளைத்தண்டிலிருந்து நோரட்ரினலின் பீறிடுவதை அது குறைக்கிறது. இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். நாய் எழுந்து நடக்கும், அழைத்தால் வரும், தின்னும். இந்த ‘தின்னும்’ என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. பீதியின் உச்சியில் இருக்கும் நாய் பிடித்த இறைச்சித் துண்டையும் முகராது. முகராத நாய்க்குச் சத்தத்தையும் நல்லதையும் இணைத்துக் கற்பிக்க வழியே இல்லை. மருந்து பயத்தை ஒரு படி கீழே இறக்கினால் மட்டுமே தசரா மைதானத்தில் பாகன் செய்வதை வீட்டில் நாம் செய்ய முடிகிறது. குளோமிப்ரமினுக்கும் ஃப்ளூயாக்ஸெடினுக்கும் அனுமதி கொடுத்தபோதே, நடத்தைப் பயிற்சியோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். மருந்தா பழக்கமா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவானது வேறொன்று: குற்றம் பட்டாசினுடையது, நாய்க்கு மருந்து கொடுப்பது மனிதன் செய்யும் தவறுக்கு விலங்கைத் திருத்துவதாகும். இதில் நியாயம் இருக்கிறது. சிவகாசியில் பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் குடும்பங்களை மறந்துவிட்டு இதைப் பேசவும் முடியாது. ஆனால் கட்டுப்பாடும் மருந்தும் ஒன்றுக்கொன்று துணை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீபாவளிக்கு இரவு 8 முதல் 10 வரை என்று நேரம் வகுத்தது. தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்துக்கொண்டார்கள். காற்று மாசுக்காக வந்த தீர்ப்பு என்றாலும் நாய்க்கு அதனால் கிடைக்கக்கூடிய நன்மை பெரிது. சத்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு கொடுக்க வேண்டிய மருந்தை எப்போது கொடுப்பது என்று தெரிந்துவிடுகிறது. நேரம் தெரிந்தால் முன்னதாகவே நடக்க அழைத்துப் போகலாம், உள்ளறையில் ஜன்னலை மூடித் துணி விரித்து வைக்கலாம், மருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகு சத்தம் வரும்படி பார்த்துக்கொள்ளலாம். நேரக் கட்டுப்பாட்டை மீறி நள்ளிரவில் வெடிக்கும் ஒவ்வொரு அணுகுண்டுப் பட்டாசும் இந்த ஏற்பாடு முழுவதையும் குலைத்துவிடுகிறது. அந்த வகையில் விதியை மதிப்பதும் ஒரு மருத்துவ உதவிதான்.

மருந்தைத் தாங்களே எடுத்துக் கொடுக்கத் துணிபவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாய்களுக்கென்று வந்த மருந்துகள் நம் ஊர் மருந்துக்கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை; மருத்துவர்கள் பெரும்பாலும் மனிதருக்கான அல்ப்ரசோலம், கபாபென்டின், ஃப்ளூயாக்ஸெடின் மாத்திரைகளையே நாயின் எடைக்குக் கணக்கிட்டு எழுதுகிறார்கள். பாட்டி தூக்கத்துக்குப் போடுவதில் பாதியை நாய்க்குக் கொடுத்தால் என்ன என்ற எண்ணம் அதனாலேயே எளிதில் வருகிறது. சில நாய்கள் அல்ப்ரசோலமில் அடங்குவதற்குப் பதிலாக வெறிகொண்டு அலையும். மனிதருக்கான சில இனிப்புத் திரவ மருந்துகளில் சேர்க்கப்படும் சைலிட்டால் நாயின் ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கி ஈரலையும் கெடுக்கும். கல்லீரல், இதயம், வேறு மருந்துகள் எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் மருத்துவர் எழுத வேண்டும். எழுதியதையும் சத்தமில்லாத ஒரு சாதாரண நாளில் முதலில் கொடுத்து, அந்த நாயின் உடலுக்கு அது எப்படி ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். பெத்ரோவாவின் நாய்கள் கற்பித்த பாடம் இன்றும் மாறவில்லை.

கடைசியாக, எந்த விதியும் நேரம் வகுக்க முடியாத இடங்கள். ராமாபுரம் முகாமின் யானைகள் பீரங்கிக்குப் பழகுகின்றன. ஆனால் அதே பந்திப்பூர்க் காட்டை ஒட்டிய வயல்களில் இறங்கும் காட்டு யானைகளை விரட்ட உழவர்கள் வெடியைத்தான் நம்பியிருக்கிறார்கள். ராகியும் சோளமும் முற்றும் மாதங்களில் வெடி எந்த இரவில், எந்த நேரத்தில் வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பரணுக்குக் கீழே கட்டியிருக்கும் காவல் நாய்க்கு அது ஆண்டுக்கு ஓரிரு நாள் வரும் தொல்லையல்ல, பருவம் முழுக்க நீளும் வேதனை. அங்கே ஒரு மணி நேரம் முன்னதாகக் கொடுக்கும் மருந்துக்கு வேலையில்லை. அன்றாடம் கொடுக்கும் மருந்து காவல் நாய்க்கு ஏற்றதா என்பதை அந்தந்த நாயைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அடிக்கடி கால்நடை மருத்துவரிடம் போய்வருவதும் மாதக்கணக்கில் மாத்திரை வாங்குவதும் அந்த உழவருக்குச் சுமை. ஆனால் செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு: வெடிக்கு நடுங்குகிறது என்று தெரிந்த நாயைப் பரணடியில் சங்கிலியால் கட்டிவைக்காமல் அவிழ்த்துவிட்டால், அல்லது அந்த மாதங்களில் வீட்டோடு நிறுத்திக்கொண்டு மிரளாத வேறு நாயைக் காவலுக்குக் கொண்டுபோனால் போதும். அவிழ்த்துவிட்ட நாய் வயலைவிட்டு ஓடிப்போய் வீட்டுத் திண்ணையடியில் ஒளிந்துகொள்ளட்டும்.